தன்மை ஒருமை

ருமோயி ஊர் நூலகத்தின் மாடியில்
அன்று படம் பார்க்க வந்தவர்கள் பதினேழு பேர்.
நாங்கள் போன ஊர்களிலேயே இதுதான் குறைவு.
மண்ணெண்ணெய்க் கணப்பின் மூச்சிரைப்பு.
வாசலில் கழற்றிய பூட்ஸ்களைச் சுற்றி
உருகிப் பரவும் பனி.

திரையில் ஒரு காகிதம்.
ஒனோதெரா இருபத்திரண்டாம் நாள் கையெழுத்திட்டது.
‘நான் பின்வாசல் வழியே நுழைந்தேன்.
நான் விளக்கை அணைத்தேன்.’
கேமரா மெல்லப் பின்வாங்கி
அந்த வீட்டைச் சுற்றி வருகிறது.
சுவர், சுவர், ஒரு சைக்கிள், சுவர்.
பின்வாசல் இல்லை.

ஒலிப்பதிவு என் வேலை.
அவர் பேசியதைவிடப் பேசாததுதான்
என்னிடம் அதிகம் இருக்கிறது.
‘அப்புறம்?’ என்று நாங்கள் கேட்டதற்கும்
அவர் வாய் திறந்ததற்கும் நடுவே பதினோரு நொடி.
படம் தொய்கிறது என்று அதில் ஏழை வெட்டினோம்.
வெட்டியது என் விரல்.

விளக்கு போட்டார்கள். பேச ஆரம்பித்தார்கள்.
விசாரணை அறைக்குள் வக்கீல் ஏன் போகக்கூடாது
என்று கேட்டாள் ஒரு செவிலி மாணவி.
மீன்முட்டை பதனிடும் ஆலைக்காரர்
‘செய்யாதவன் எதற்கு ஒப்புக்கொள்கிறான்?
நானாக இருந்தால்...’ என்று தொடங்கி
கணப்பைப் பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

கடைசி வரிசையில் கையுறை கழற்றாத ஒருவர்.
மிசோகுச்சி என்று பெயர் சொன்னார்.
‘வேறு ஊர், வேறு வழக்குகள்.
ஆனால் இந்த நானை
முப்பத்தோரு வருஷம் எழுதியவன் நான்.
அவர்கள் சொல்வார்கள், நாங்கள் எழுதுவோம்.
அவர்கள் சொல்லாவிட்டாலும் எழுதுவோம்.
தன்மை ஒருமையில் எழுதுவதுதான் முறை.
என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்,
அதனால் என்னிடமே தருவார்கள்.
மனமார வருந்துகிறேன் என்று முடிப்பேன்.
அந்தச் சொல்லை ஒருவர்கூடச்
சொல்லிக் கேட்டதில்லை.’

யாரும் கைதட்டவில்லை.
திட்டவும் இல்லை.
மாணவி தன் தேநீரை
இன்னொரு நாற்காலிக்கு நகர்த்தி வைத்தாள்,
எதற்கென்று தெரியவில்லை.

மேசையில் மனு இருந்தது.
எல்லா விசாரணையையும், முதல் நிமிடத்திலிருந்து,
பதிவுசெய்யச் சொல்லும் மனு.
ஆறு கையெழுத்து விழுந்திருந்தது.
மிசோகுச்சி ஒரு கையுறையை மட்டும் கழற்றினார்.
பேனாவை எடுத்தார்.
‘கீழே ஒப்பமிட்டுள்ள நாங்கள்’ என்ற வரியில்
விரலை வைத்து, பழக்கமான தொனியில் கேட்டார்:

‘இதை எழுதியது யார்?’

கணப்பு எப்போதோ அணைந்திருந்தது.
நான் கையைத் தூக்கினேன்.