ஸ்டேஷன் ரைட்டர்

ஏற்காடு ஸ்டேஷனில் என் பெயர் ரைட்டர்.
பதினாறு வருடமாக எழுதுகிறேன்,
ஒரு பக்கத்திலும் நான் வந்ததில்லை.

அன்றைக்குக் கிடைத்தது ஒரு வண்டி மட்டும்.
பதிமூன்றாம் கொண்டை ஊசி வளைவு,
தடுப்புச் சுவரில் சாய்த்து வைத்த டி.வி.எஸ். ஃபிஃப்டி.
சாவி அதிலேயே. பின்னால் ஐந்து அட்டை முட்டை.
பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.
ஆள் இல்லை.

இடம் எழுதிவிட்டேன்.
நேரம், மாலை ஐந்து ஐம்பது, உத்தேசமாக.

பஸ் டிரைவர் ஜெயசீலன் சொன்னார்:
"செவுத்து மேல ஏறி நின்னான் சார். மொகமே சரியில்ல."
ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்புகிறவர்
எப்படி முகம் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.
சோளம் சுடுகிற ரோஸ்லின் சொன்னாள்:
"சிரிச்சிட்டேதான் போச்சு அந்த ஆளு."
இரண்டையும் எழுதினேன்.
ஒரே மனிதன் என் தாளில்
இரண்டு பேராக நின்றான்.

ஏழரை மணி பஸ்ஸில் கன்னங்குறிச்சியிலிருந்து
அவன் மனைவி பாவாயி வந்தாள்.
"முதலிலிருந்து சொல்லும்மா" என்றேன்.
முதல் என்பது அவளுக்குக்
கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் தொடங்கியது.
முட்டைக் கடை பாக்கி, பேச்சை நிறுத்திக்கொண்ட மகன்,
காலையில் இட்லிக்கு உப்புக் குறைந்தது.
உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தார்:
"யோவ் ரைட்டர், கதை வேணாம், விஷயத்த எழுது."

உப்பை அடித்தேன்.
பிறகு மறுபடி எழுதினேன்.
கடனுக்காக ஒருவன் குதித்தான் என்றால் யாருக்கும் புரியும்.
உப்பில்லாத இட்லியை
ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றுவிட்டுப் போனவன்தான்
எனக்கு ஆளாகத் தெரிந்தான்.

டார்ச்சோடு இரண்டு பேர் பள்ளத்தில் இறங்கினார்கள்.
பெஞ்சில் பாவாயி
முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.
நானோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது,
முடிவுக்கு ஒரு வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு வாசலில் ஒரு ஆள்,
செருப்பெல்லாம் சேறு.
"சார், என் வண்டியக் காணோம்.
பதிமூணாவது வளைவுல விட்டிருந்தேன்.
முட்டை இருக்கு அதுல."

அர்த்தனாரி, வயது நாற்பத்தெட்டு.
ஒரே வண்டிக்கு ஒரே நாளில் இரண்டாவது மனு.

"எங்கய்யா போன?"
"மேல பாறைக்கு சார்.
அங்கிருந்து பாத்தா சேலத்துல வெளக்கு
ஒவ்வொண்ணா எரியறது தெரியும்னாங்க.
தெனம் இதே வழிதான். ஒருநாளும் நின்னதில்ல."
"அதுக்கா?"
"அதுக்குத்தான்."

படிவத்தில் காரணத்துக்கு
ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள்.
கடன் என்றால் அதில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும்.

பாவாயி எழுந்தாள். அறைவாள் என்று நினைத்தேன்.
வண்டியிடம் போய் அட்டைகளை எண்ணினாள்.
"ரெண்டு ஒடஞ்சிருக்கு" என்றாள் எங்களைப் பார்த்து.
வண்டியை ஏற்றி வந்தது நாங்கள்தான்.
அப்புறம் அவனிடம், குரலைத் தாழ்த்தி:
"நம்ம வீட்டு வெளக்கு தெரிஞ்சுதா?"
"தேடினேன். தெரியல."
"எப்படித் தெரியும்? ஆறு மணிக்கே
உன்னத் தேடிக் கெளம்பிட்டேன்.
யாரு போட்டது?"

வண்டி ஒன்று. முட்டை நூற்று நாற்பத்தெட்டு.
மனுதாரர்கள் இருவரும்
பெற்றுக்கொண்டு சென்றனர்.