ஏழாவது கேள்வி

பெருமாள்புரத்து மாடி வீடுகளுக்கு
முன்னால் பச்சை விரித்துக் கொடுப்பது
எங்கள் கம்பெனி வேலை.
கொரியன் புல், சதுர அடி கணக்கு.
புல்லுக்குக் கரையாகச் சூளைச் செங்கல்.
செங்கல் எங்கிருந்து வருகிறது என்று
புல்லில் நாற்காலி போட்ட யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.
பில்லில் கூட்டல் சரியென்றால்
முத்திரை குத்துவேன்.

இந்த வருஷம் கங்கைகொண்டானில்
ஒரு தொழிற்சாலைக்கு மூன்று ஏக்கர் தோட்டம்.
அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள்,
சரக்குக் கொடுக்கிற எல்லாரும் நிரப்ப வேண்டுமாம்.
கூலி நேரில் தரப்படுகிறதா?
குடிக்கத் தண்ணீர் உண்டா?
இப்படிப் பதினொரு கேள்வி.
சூளைக்கார உச்சிமாகாளி அண்ணாச்சி
பதினொன்றுக்கும் 'ஆம்' போட்டிருந்தார்,
ஒரே பேனா, ஒரே சாய்வு,
மூச்சு விடாமல்.

ஏழாவது கேள்வி:
வேலையை விட்டுப் போக விரும்புகிறவரைத்
தடுக்கும் கடனோ காவலோ உண்டா?
ஆம்.

மேலாளர் சிரித்துவிட்டார்.
"வாசிக்காமப் போட்டிருக்காரு.
நீயே இல்லைன்னு திருத்திரு, முப்பிடாதி."
ஒயிட்னரை எடுத்தேன்.
மூடி இறுகிப்போயிருந்தது,
பல்லால் கடித்தும் திறக்கவில்லை.
அதனால்தான் முக்கூடலுக்குப் பஸ் ஏறினேன்
என்றால் யார் நம்புவார்கள்?

விலக்கில் இறங்கி ஒரு மைல் நடை.
சூளைப் புகை என்னைப் பார்த்ததும் நகரவில்லை.
"முன்பணம் குடுத்திருக்கம்லா.
துட்டை வச்சிட்டு எங்க வேணும்னாலும் போட்டும்,
நான் கட்டியா போட்டிருக்கேன்?" என்றார் அண்ணாச்சி.
சொல்லிக்கொண்டே கலர் வாங்கிவரச் சொன்னார் எனக்கு.
நல்ல மனுஷர்தான்.
மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா,
உள்ளே பத்தொன்பது ஆதார் அட்டை.
"தொலைச்சிருவாவ, அதான்."

ஜமுனா மாஜி ஒடிசாக்காரி.
மூன்று தமிழ் வார்த்தை தெரியும் அவளுக்கு:
கல், ஆயிரம், நாளைக்கு.
ஈரக் கல்லைப் புரட்டிப் போட
அவள் மகன் வரிசை மேலேயே நடக்கிறான்.
பெரியவர் ஏறினால் கல் நசுங்கும்,
அவன் ஏறினால் நசுங்காது.
கார்த்திகை மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது.
கரையாதது கடன் மட்டும்;
வந்தபோது முப்பதாயிரம்,
இப்போது நாற்பத்தொன்று.

ஆர்டரை ரத்து செய்யலாம் என்று
திரும்பும் பஸ்ஸில் ஒரு வீரம் வந்தது.
பேட்டை தாண்டும்போது அது இறங்கிப்போனது.
நாங்கள் வாங்காவிட்டால்
அடுத்த சூளைக்காரர் நாற்பத்தொன்றையும் கட்டி
ஜமுனாவை லாரியில் ஏற்றிக்கொள்வார்.
எங்கள் கை மட்டும் சுத்தமாகும்.
சேரன்மகாதேவி சார் ஆட்சியருக்கு மனு எழுதினேன்,
பிஸ்கட் டப்பா உட்பட.
ஏற்புச் சீட்டில் ஒரு எண் தந்தார்கள்.

அன்று ராத்திரி
எங்கள் சம்பளப் பேரேட்டை எதற்கோ திறந்தேன்.
புல் போடும் மாசானம்:
முன்பணம் பிடித்தம் ஆயிரத்து ஐந்நூறு.
மாதாமாதம், நாலு வருஷம்,
என் கையெழுத்து.
பாக்கி எவ்வளவு என்று ஒரு கட்டம்
அந்தப் பேரேட்டில் இல்லவே இல்லை.
கோடு போட்டவள் நான்.

ஸ்கேல் எடுத்து ஒரு கட்டம் போட்டுக் கூட்டினேன்.
பதினான்கு மாதம் முன்பே தீர்ந்திருந்தது.

மாசானத்திடம் சொன்னபோது
கையில் புல்கட்டு இருந்தது. கீழே வைக்கவில்லை.
கூடுதலாகப் பிடித்ததைக்கூடக் கேட்கவில்லை.
"அப்பம் நான் போலாமா?" என்றார்.
நான் தடுத்தது போல.

அந்த வரிசையை முடித்துத் தண்ணீர் காட்டிவிட்டுப் போனார்.
வியாழக்கிழமையிலிருந்து வரவில்லை.
வருகைப் பதிவில் அவர் கட்டம்
காலியாகவே இருக்கிறது,
'லீவு' என்று எழுத மனம் வரவில்லை.

முக்கூடல் மனு விசாரணையில் இருக்கிறதாம்.
ஜமுனா இன்னும் நாளைக்கு என்கிறாளா, தெரியாது.
கங்கைகொண்டான் படிவத்துக்குத்
திங்கள்கிழமை கடைசி நாள்.
மேலாளர் புது ஒயிட்னர் வாங்கி
என் மேசையில் வைத்திருக்கிறார்.
மூடி சுலபமாகத் திறக்கிறது.