ஏழாம் பிரிவு

தில்லியில் ஜனவரி.
பனிமூட்டத்தில் விமானம் மூன்று மணி நேரம் வட்டமடித்ததால்
வந்தவர்கள் மேல்கோட்டைக் கழற்றாமலே அமர்ந்தார்கள்.
மேசையின் இந்தப் பக்கம் ஒன்பது பேர், அந்தப் பக்கம் ஒன்பது.
பதினெட்டில் பெண்கள் மூவர்:
எங்கள் தலைவர் நிரஞ்சனா பிஷ்ட்,
அவர்களுடைய சட்ட ஆலோசகர்,
கடைசி நாற்காலியில் குறிப்பெடுக்கும் நான்.

பிஷ்ட்டின் பெயர்ப்பலகையில் ‘திரு’ என்று அச்சாகியிருந்தது.
மாற்றச் சொல்லி யாரையும் ஓடவிடவில்லை.
அட்டையைத் திருப்பி, அதன் முதுகில்
தன் பேனாவால் எழுதிக்கொண்டார்.

பேச்சு படகுகளைப் பற்றி.
எல்லை தாண்டிப் பிடிபட்டவர்களின் வீட்டுக்கு
எத்தனை நாளில் தகவல் சொல்ல வேண்டும்?
ஏழாம் பிரிவு அவ்வளவுதான்.
எங்கள் வரைவில் மூன்று நாள், அவர்களுடையதில் முப்பது.
இரண்டு எண்களும் அடைப்புக்குறிக்குள்
காவலில் கிடந்தன.

தேநீர் இடைவேளை.
ஆண்கள் கழிப்பறை அதே தாழ்வாரத்தில், பத்தடி தள்ளி.
எங்களுடையது மாடியில்:
நாற்பத்திரண்டு படி, பழைய கோப்புகள் அடுக்கிய ஒரு திருப்பம்.
நாங்கள் இறங்கி வருவதற்குள்
எங்கள் துணைத் தலைவர் கையைத் துடைத்தபடி நின்றார்:
“ஏழு முடிந்தது மேடம். இருபத்தொன்றுக்கு இறங்கிவிட்டார்கள்.”

எழுதத் தொடங்கினேன்.
கோப்பின் மொழி ஆங்கிலம்.
மனசுக்குள் அது தமிழாகும்போதுதான் உறுத்தும்:
ஒப்புக்கொள்ளப்பட்டது. முடிவெடுக்கப்பட்டது. கைவிடப்பட்டது.
எடுத்தவர் யார், விட்டவர் யார்,
வாக்கியத்தில் ஆளே இல்லை.
பட்டது மட்டும் இருக்கிறது.
பட்டவர் எங்கோ கரையில்.

பிஷ்ட் என் பேனாவைப் பார்த்தார்.
“மேசையில் பேசாதது குறிப்பில் ஏறாது” என்றார்,
எனக்கல்ல, எல்லோருக்குமாக.
பிறகு எதிர்ப்பக்கம் ஒரு கேள்வி:
பிடித்த படகிலிருந்து உங்கள் தலைமையகத்துக்குச்
செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்?
அவர்களுடைய கடற்படைக்காரர், பாவம், நேர்மையானவர்,
“நாற்பது நிமிடம்” என்றுவிட்டார்.
“மீதி இருபது நாள்
இருபத்து மூன்று மணி இருபது நிமிடம்
எதற்கு?”
கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார்.
நிதானமாக, முழு டம்ளரும்.
மூன்று நாள் நின்றது.

மறுநாள் ஒரு நாளேடு: ‘தாயுள்ளம் வென்றது.’
பிஷ்ட்டுக்குப் பிள்ளைகள் இல்லை.
“நான் போட்டது கழித்தல் கணக்கு.
அதற்கும் கருப்பை வேண்டுமா?” என்று கேட்டு,
நாளேட்டை எட்டாக மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

நம் தூதுப் பாட்டுகளில்
கிளி போகும், அன்னம் போகும், மேகம் போகும்,
நெஞ்சுகூடத் தனியாகக் கிளம்பிப் போகும்.
அனுப்பியவள் மட்டும் போகமாட்டாள்.
வளை கழல அங்கேயே நிற்பாள்.
பணியில் சேர்ந்த புதிதில் இதை நினைத்துச் சிரிப்பேன்.
பிறகு குழுப்படங்களில் என்னைத் தேடிப் பார்த்தேன்:
பாதித் தோள்,
யாரோ ஒருவருடைய காதுக்குப் பின்னால்.

இரண்டாம் நாள், மாடியில்,
மூவரும் ஒரே கண்ணாடி முன் நின்றோம்.
குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது.
ருக்சானா மக்பூல், அந்தச் சட்ட ஆலோசகர்,
குரலைத் தாழ்த்தினார்:
“எட்டாம் பிரிவுக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது.
இங்கேயே முடித்துக்கொள்ளலாமே?”
எனக்கு ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன்.
பிஷ்ட் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.
“கீழே வந்து சொல்லுங்கள்.
உங்கள் பெயரில் ஏறட்டும்.”

நாற்பத்திரண்டு படி.
யாரும் பேசவில்லை.
அந்த இரண்டு நாளில் முதல்முறையாக
அவர் தன் மைக்கின் பொத்தானை அழுத்தினார்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
நான் எழுதினேன்:
ருக்சானா மக்பூல் முன்மொழிந்தார்.

மாலையில் வரைவு திரும்பி வந்தது.
யாரோ பென்சிலால் திருத்தியிருந்தார்கள்:
முன்மொழியப்பட்டது.

அழிப்பான் தேடி
மூன்று மேசை தள்ளிப் போனேன்.