இடம்

ஸ்பிரிங்போக் காவல் நிலையத்தில்
பதினேழு ஷூ பெட்டிகள்.
உள்ளே காகிதத்தில் சுருட்டிய செடிகள்.
எண்ணச் சொன்னார்கள், எண்ணுகிறேன்.
நாலாயிரம் தாண்டியதும்
விரலுக்குக் கணக்கு மறக்கிறது.

க்னோப்பி என்போம் எங்கள் பக்கம்.
சட்டைப் பொத்தான்தான்.
தண்டில்லை முள்ளில்லை
ஒட்டிப் பிறந்த ஈரிலை.
கோடை முழுக்கப் போன வருஷத்துத் தோலைப்
போர்த்திக்கொண்டு
செத்ததுபோல் கிடக்கும்.
கடற்பனி வந்து தொட்டால் போதும்.
மழைகூட வேண்டாம்.

எந்த மலை என்கிறார் சார்ஜென்ட் மோஸ்டெர்ட்.
தெரிந்தால் திரும்ப நடலாம்.
தெரியாவிட்டால்
கண்ணாடிக் கூடாரம், எண் ஒட்டிய தொட்டி,
சாகிறவரை.

ஒரு வேரிடுக்கில் வெண்கல் சில்லு.
ஓரத்தில் துருச் சிவப்பு.
அந்தச் சிவப்பு
ஒரே ஒரு சரிவில்தான் உண்டு.
அங்கே ஆடு ஓட்டுகிறவன்
ஒரே ஒருவன்.

தாமிரச் சுரங்கத்தை மூடியபின்
தம்பி ஹென்ட்ரிகஸுக்கு வேலையில்லை.
போன மாதம் என் மகளுக்குப்
புது ஷூ வாங்கி வந்தான்.
பெட்டி எங்கே மாமா என்று கேட்டாள்.
சிரித்தான்.

பதினோராவது பெட்டியின் பக்கவாட்டில்
அளவு மூன்று.
அதற்குள்ளே, இருட்டில்,
வேரறுந்த பொத்தான் ஒன்று
மஞ்சளாய்ப் பூத்திருக்கிறது.
ஏப்ரல் பிறந்துவிட்டதென்று
யார் சொன்னார்கள் அதற்கு.

படிவத்தில் 'இடம்' என்றொரு கட்டம்.
சில்லை நகத்தால் கிள்ளி
வாயில் போட்டுக்கொண்டேன்.
கரிக்கிறது.
சார்ஜென்ட்
இன்னொரு தடவை கேட்கிறார்.