முப்பத்து மூன்றாவது எழுத்து

கணபதியில் மூன்றாவது மாடி. கீழே லேத் பட்டறை.
இரும்புச் சுருள் வாசம் படியேறி வரும்.
மேலே நான், ஒரு ஸ்கேனர்,
பதின்மூன்று வருடப் பழைய சி நிரல்,
பதினோராயிரம் வரி.

மோட்டாரைச் செல்போனில் போடுகிற பெட்டிக்கானது.
காங்கேயத்திலிருந்து கரூர் வரை
கிணற்று மேட்டுத் தகரக் கொட்டாய்களில்
பல்லி முட்டையோடு தொங்குகிறது.

ஸ்கேனர் நாற்பது விநாடி ஓடி
இருநூற்றுப் பதினேழு என்றது.
இருநூற்றுப் பதினேழு இடத்தில் சந்தேகம்.

அதற்கு ஆளைத் தெரியாது, பேரைத் தெரியும்.
ஸ்டர்காப்பி என்று கண்டால் சிவப்பு.
கெட்ஸ் என்று கண்டால் சிவப்பு.
அந்த வரி யாருக்கு வழி விடுகிறது
என்றெல்லாம் கேட்காது.
கேட்பதற்கு எனக்குச் சம்பளம்.

திங்கள் முழுக்கத் தள்ளுபடி.
இது அளவு மாறாத சொல், விடு.
இதை யாரும் கூப்பிடுவதேயில்லை, விடு.
இது சோதனைக்கு எழுதி மறந்தது, விடு.
கொரங்காட்டில் கிளுவை வேலியைச் சுற்றி நடப்பவன்
இலை உதிர்ந்த இடத்தையெல்லாம் ஓட்டை என்று சொல்ல மாட்டான்;
ஆடு நுழையுமா என்று பார்ப்பான்.

புதன் சாயங்காலம், நூற்று நாற்பத்தொன்று.
வரி ஆயிரத்து நூற்று எண்பத்து மூன்று.
வருகிற குறுஞ்செய்தியை அப்படியே தூக்கி
முப்பத்திரண்டு எழுத்துப் பிடிக்கிற இடத்தில் கொட்டுகிறது.
ஆன், ஆஃப். இதற்கு முப்பத்திரண்டே தாராளம்
என்று எழுதியவர் நினைத்திருக்கலாம்.
அனுப்பியது யார் என்று பார்ப்பது
நாலு வரி தள்ளித்தான்.

முப்பத்து மூன்றாவது எழுத்து எங்கே போகும்?
அடுத்த அறைக்குப் போகும்.
அந்த அறையில் ஒரே கேள்வி: மோட்டார் ஓடட்டுமா?
சுழியம் என்றால் நிற்கும்.
வேறு எதுவானாலும் ஓடும்.

மேசையில் ஒரு பெட்டியை மாட்டி
நகைக்கடன் விளம்பரம் ஒன்றை என் போனிலிருந்து அனுப்பினேன்.
கான்டாக்டர் டக்கென்று ஒட்டியது.
பகலில் வந்த விளம்பரம்
ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்வரை
பொறுமையாகக் காத்திருக்கும்.

புகார்ப் பதிவேட்டைத் திறந்தேன்.
செல்லக்குமாரசாமி, மூலனூர்.
முதல் தடவை: ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் தானாக ஓடுகிறது.
பெட்டியில் குறையில்லை.
ரெண்டாம் தடவை: கூட்டுக் கிணறு. தம்பி வேண்டுமென்றே போடுகிறார் என்கிறார்.
தம்பி நம்பர் நீக்கப்பட்டது.
மூன்றாம் தடவை: இன்னும் ஓடுகிறது.
தம்பி தனியாக போர் போட்டார். எண்ணூறு அடி. புழுதிதான் வந்தது.

கடைசி விஷயம் பதிவேட்டுக்குத் தேவையில்லை.
சர்வீஸ் ஆள் ஏனோ எழுதியிருந்தார்.

திருத்தம் ரெண்டு வரி.
முப்பத்தொன்றோடு நிறுத்து. கடைசியில் சுழியம் வை.
திரும்ப ஓட்டினேன்.
அந்த வரி இப்போது மஞ்சளில் நிற்கிறது,
பேர் கொஞ்சம் மாறினாலும்
குடும்பம் அதுதானே என்று.

செல்லக்குமாரசாமியைக் கூப்பிட்டேன்.
இடம், அளவு, வழிதல் என்று ஏதோ சொன்னேன்.
“வெளம்பரமுங்களா?”
அப்புறம் வெகுநேரம் காற்றாடி சுற்றுகிற இரைச்சல் மட்டும்.
“அப்ப அவன் போடலீங்களா.”
இல்லைங்க.
“அதைய நீங்களே அவங்கிட்டச் சொல்லிப்போடுங்க”
என்று பத்து எண்ணையும்
நிறுத்தாமல் ஒப்பித்தார்.

எழுதிக்கொண்டேன். தேவையிருக்கவில்லை;
பதிவேட்டில், நீக்கப்பட்டவை என்பதன் கீழே
அதே எண்.

வெள்ளிக்கிழமை. இன்னும் எழுபத்தாறு மிச்சம்.
எண்ணூறு அடிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்
முதலில் இதை முடிப்போம் என்று
அடுத்த சிவப்பைத் திறந்தேன்.