மழை என்று வைத்தோம்

ஆறு மாதம் அவகாசம் தருகிறது சட்டம்.
ஐந்தரையைத் தின்று தீர்த்துவிட்டோம்.
அதுவரை அதன் பெயர் பொட்டலம்.
தடுப்பூசி அட்டையில் தாதி எய்திஸ்
பொட்டலம் என்றே எழுதிவைத்தாள்,
பென்சிலால், அழிக்க வசதியாக.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
மீன் ஆலையில் இரவுமுறை முடித்து வந்து
கையுறையைக்கூடக் கழற்றாமல்
ஹால்பியோர்ன் சொன்னான்:
ரெக்ன்.
மழைக்கு எங்கள் பழைய சொல்.
ஆணுக்கென்றும் இல்லை, பெண்ணுக்கென்றும் இல்லை,
கூரைமேலும் கடல்மேலும் ஒன்றுபோல் விழுவது.
பொட்டலம் கொட்டாவி விட்டது.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில்தான்
இந்த ஊர் தன் நாடாளுமன்றத்தைக் கூட்டும்.
கழுத்துவரை நீர், உச்சியில் ஆலங்கட்டி.
ஏழு தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.
"வருடத்தில் பாதி நாள் பெய்கிறதே, போதாதா?"
இது தோர்கில்ஸ், என் அண்ணன்.
"பள்ளியில் எந்த அறையில் உடை மாற்றும்?"
"பெயர் கிடக்கட்டும், என்ன குழந்தை?"
பசிக்கிற குழந்தை என்றேன்.
சிரித்தார்கள்.
சிரித்து ஓய்ந்ததும் மறுபடி அதே கேள்வி
நீராவிக்குள்ளிருந்து வந்தது.
யார் கேட்டதென்று தெரியவில்லை.

பெட்ரோல் நிலையத்தில், சாசேஜ் ரொட்டி வரிசையில்,
முன்னால் நின்ற லாரிக்காரர் விரல் நீட்டினார்.
பற்றிக்கொண்டது.
"அடேயப்பா, என்ன பிடி! வலை இழுக்கப்போகிற கை."
கல்லாவிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.
"இந்த இமைகளால் எத்தனை பேர்
தூக்கம் கெடப்போகிறதோ."
ஒரே வரிசை, ஒரே நிமிடம்.
கடுகு கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு
வெளியே வந்தேன்,
ஒரு மீனவனையும் ஒரு பேரழகியையும்
ஒரே இடுப்பில் சுமந்தபடி.

கெடில் வேறு மாதிரி.
இழுவைப்படகில் சமையல்காரர்,
கடல் அமைதியாக இருந்தால் பின்னல் போடுவார்.
என்ன நிற நூல் என்று கேட்கத்தான் வந்தார்.
கேள்வியைக் காலணியோடு வாசலில் கழற்றிவிட்டு
இரண்டு கோப்பை காப்பி குடித்துப் போனார்.
மூன்று வாரம் கழித்துக் கம்பளிச் சட்டை வந்தது:
சாயம் ஏறாத சாம்பல், ஆட்டின் சொந்த நிறம்.
கழுத்துதான் இறுக்கம்.
"தலை இவ்வளவு வளரும் என்று நினைக்கவில்லை" என்றார்.

ஊரைக் குறை சொல்ல எனக்கென்ன தகுதி.
இரவில் டயப்பர் மாற்றும்போது கவனித்தேன்:
என் குரல் ஒரு பக்கமாகச் சாய்கிறது.
எந்தப் பக்கம் என்று எழுத மாட்டேன்.
மற்றதாக இருந்திருந்தால்
இன்னும் சீக்கிரம் தூக்கியிருப்பேனோ?
இல்லை, கொஞ்சம் அழட்டும் என்று
புரண்டு படுத்திருப்பேனோ?
மூன்று மணிக்கு இதற்கெல்லாம் சாட்சி கிடையாது.
வேண்டுமென்றே குரலை நிமிர்த்திப் பார்த்தேன்.
வானொலியில் வானிலை அறிக்கை வாசிப்பவள்போல் ஆயிற்று:
வடகிழக்குக் காற்று, விட்டுவிட்டுத் தூறல்.
அதற்கும் சிரித்தது.

கடைசியில் படிவம்.
முதற்பெயர் சுலபம்.
அடுத்த கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டோம்.
எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது.
அப்பா பெயருக்குப் பின்னால்
மகன் என்றோ மகள் என்றோ ஒரு வால்.
அம்மா பெயரைப் போட்டாலும் அதே வால்.
எத்தனை நூற்றாண்டாக ஆட்டிக்கொண்டிருக்கிறோம் அதை.
வேறு வழியும் உண்டாம்,
ரெக்ன் வளர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.
ஹால்பியோர்ன்ஸ் என்று எழுதி
பேனாவை நிறுத்தினேன்.

வெளியே, தள்ளுவண்டியில்,
இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தூங்குவதுபோல்
குளிரில் தூங்கிக்கொண்டிருந்தது,
மூக்கு மட்டும் தெரிய.
ஹால்பியோர்ன் சன்னலைத் திறந்து கத்தினான்:
"ரெக்ன்!"
எதிர்வீட்டுக்காரி
கொடித்துணியை அள்ள ஓடினாள்.
நான் வண்டியை நோக்கி ஓடினேன்.

விழித்திருந்தது.
வாயைத் திறந்து வைத்திருந்தது.