மைனஸ் நாற்பது

சாவி ஒரு சுற்றுத்தான் திரும்பியது,
இஞ்சின் இன்னும் இருமக்கூட இல்லை,
ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில்.
"மூன்று மாதமாய் இப்படித்தான்" என்றார் நிபால்டோ ஒயார்சோ.
ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவர்.
பின்சீட்டில் ஏறுகிறவர்கள்
கையுறையைக் கழற்றுவதே இல்லையாம்.
ஹீட்டரில் வருவது வெறும் மூச்சு.
பேட்டரி இரண்டு முறை படுத்துவிட்டது.

புந்தா அரேனாஸில் காற்றைப் பற்றி
யாரும் புகார் சொல்வதில்லை.
பிடித்துக்கொண்டு நடக்கத் தெருவில் கயிறு கட்டுகிற ஊர்.
இங்கே வந்து காரின் முகத்தில்
விசிறி வைத்தவனை
நான் பலமுறை திட்டியிருக்கிறேன்.

முதலில் ரிலே.
உள்ளே முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால்
சொன்ன பேச்சு கேட்காது, என் அண்ணன் மாதிரி.
ஹாரன் ரிலேயும் அதே அளவு; இடம் மாற்றிப் போட்டேன்.
ஹாரன் அடித்தது. விசிறி சுற்றியது.
அப்படியென்றால் யாரோ கட்டளை போடுகிறார்கள்.
"ஏ.சி. உண்டா?" என்றேன். சிரித்தார்.
அந்தப் பக்கமும் அடைந்தது.

ஸ்கேனரைச் செருகினேன்.
கூலன்ட் வெப்பம்: மைனஸ் நாற்பது.
வெளியே பிளஸ் இரண்டு.
அந்த எண்ணுக்குக் குளிர் என்று பொருள் இல்லை.
எதுவும் கேட்கவில்லை என்று பொருள்.
சென்சாரிடமிருந்து பதில் வராவிட்டால்
நல்லபடியாக இருக்கும் என்று
கம்ப்யூட்டர் நினைப்பதில்லை.
எரிகிறது என்றே வைத்துக்கொள்கிறது,
நான் போனை எடுக்காவிட்டால்
நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடும் என் அம்மாவைப் போல.

உப்பு என்றுதான் நினைத்தேன்.
நீரிணை ஓரம் ஓடும் வண்டிகளில்
பின்னெல்லாம் பச்சை பூத்திருக்கும்.
கழற்றிப் பார்த்தால், சுத்தம்.
சென்சாரை மீட்டரால் அளந்தேன், நலம்.
ஒயரைத் தடவிக்கொண்டே போனேன்,
தெர்மோஸ்டாட் தாண்டி,
பேட்டரித் தட்டுக்கு அடியில்,
அங்கே கறுப்பு டேப்.
பிரித்தேன்.
இரண்டு செம்பு நுனிகள்
ஒன்றையொன்று தொடாமல்,
நறுக்கென்று.

உப்பு இப்படி அறுக்காது.
எலி இப்படிக் கடிக்காது.
இது கட்டிங் பிளையர்.

அவர் சுவரில் தொங்கிய டயர் கம்பெனி நாள்காட்டியைப்
படித்துக்கொண்டிருந்தார். போன வருஷத்தது.
"முந்தைய கார்," என்றார் கொஞ்சம் கழித்து.
"நத்தாலேஸ் ரோட்டில், லகுனா பிளாங்கா தாண்டி.
முள் ஏறிக்கொண்டே போனது.
விசிறி வரும், வரும் என்றிருந்தேன்.
நாலு மணி நேரம் நின்றோம்.
பின்சீட்டில் டயாலிசிஸ் முடித்து ஊர் திரும்பும் ஒரு பெண்மணி.
ஒரு வார்த்தை திட்டவில்லை, என்னை."

இந்தக் காரை வாங்கிய அன்றே வெட்டியிருக்கிறார்.
சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு மணி நேரம் மிச்சம்.
அதை நானும் சொல்லவில்லை.
சால்டர் வைத்தேன்.
சுருங்கும் குழாய் மாட்டி லைட்டரால் சூடு காட்டினேன்.
சாவி.
விசிறி அசையவில்லை.
பட்டறைத் தகரம் படபடப்பது
அப்போதுதான் காதில் விழுந்தது.

"வரவேண்டிய நேரத்தில் வருமா, யெர்க்கா?"

முக்காலி இரண்டு போட்டேன்.
மாத்தே கலந்து, ஒரே குழலில்
மாறி மாறி உறிஞ்சினோம்.
எழுபது.
எண்பத்திரண்டு. அதிலேயே வெகுநேரம்.
தொண்ணூற்றொன்றில் அவர் எழுந்து நின்றார்.
தொண்ணூற்றாறு,
கிளிக்,
விசிறி.
இறங்கியதும் தானாகவே நின்றது.
"இன்னொரு தடவை," என்றார்.
மூன்று தடவை பார்த்தோம்.

சால்டருக்கு மட்டும் பில் போட்டேன்.
தெருமுனை சிக்னலில்
பச்சை விழுந்தும் அந்தக் கார் நகரவில்லை.
இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார்.
காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது,
பின்னால் பஸ் ஹாரன் அடித்தது,
அவர் குனிந்தே நின்றார்.

நான் உள்ளே வந்து
கட்டிங் பிளையர் மேஜைமேல் இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருந்தது.